கரிசல் நிலத்துத் தோல் காலணிகள்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கரிசல் நிலத்தில் தோல் காலணி நெடுங்காலம் ஒரு வேலைக் கருவியாகவே இருந்தது. உடைமுள்ளும் கருவேல முள்ளும் உதிர்ந்து கிடக்கும் ஓடைக்கரையில் ஆடு மேய்ப்பவருக்கும், வெயிலில் வெடித்துக் கிடக்கும் நிலத்தில் நண்பகலில் நடப்பவருக்கும் அது மண்வெட்டியைப் போலத் தேவைப்பட்டது. அரைஞாண் கயிற்றில் முள்வாங்கியைத் தொங்கவிட்டுக் கொண்டு நடந்த வட்டாரம் இது. இதே வட்டாரம் இருபதாம் நூற்றாண்டில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர்பெற்றபோது, காலணி வாசலுக்கு வெளியே கழற்றி வைக்க வேண்டிய பொருளாகவும் ஆயிற்று. இடையில் யார் அதைச் செய்தார்கள், யாரை அணிய விட்டார்கள் என்ற நீண்ட கதை ஒன்று உண்டு. புதுத் தோலைக் காலுக்குப் பழக்கும் முறையிலிருந்து தொடங்கினால் அந்தக் கதை எளிதில் விளங்கும்.

பெயர்கள்

செருப்பு என்ற சொல்லே இன்றும் பொதுவழக்கு. சங்க நூல்களில் இதற்குத் தொடுதோல் என்ற பெயரும் உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, ஆயன் ஒருவனை அறிமுகம் செய்யும்போது, செருப்பு அணிந்து பழகியதால் தழும்பு ஆழப் பதிந்த அவனுடைய வலிய பாதத்தைக் குறிப்பிடுகிறது. செருப்பு காலைக் கடித்து, காய்த்து, பிறகு இரண்டும் ஒன்றுக்கொன்று இசைந்துபோவதைப் பற்றித் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளுள் இது ஒன்று எனலாம். புலவர் கவனித்தது செருப்பை விட அது விட்டுச் சென்ற வடுவைத்தான்.

மிதியடி, பாதக்குறடு ஆகியவை பெரும்பாலும் மரத்தால் ஆனவை. குதிகாலையும் விரலையும் மூடும் மேலைநாட்டுக் காலணி போர்த்துக்கீசியரோடு வந்தது. அவர்களுடைய சொல்லே சப்பாத்து எனத் தமிழில் தங்கியது. இலங்கைத் தமிழில் அது இன்றும் உயிரோடு உள்ளது. தமிழ்நாட்டில் ஆங்கிலேயரின் பூட்சு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. படைவீரர், காவலர் பூட்சின் அடியில் அறைந்த இரும்புக்கு மாட்டுக்கும் குதிரைக்கும் உரிய லாடம் என்ற பெயரே வழங்கியது. இந்த லாடத்தைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

புதுச் செருப்பு கடித்தல்

"புதுச் செருப்பு கடிக்கும்" என்பது தமிழ்ப் பேச்சில் மணவாழ்க்கை முதல் புது வேலை வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும் உவமை. ஜெயகாந்தனின் சிறுகதை ஒன்றுக்கும் அதுவே தலைப்பு. உவமையை விட்டுவிட்டுப் பொருளைப் பார்த்தால், கடிப்பதற்குக் காரணம் தோலின் உள்ளமைப்பில் இருக்கிறது.

விலங்குத் தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். பதனிடும்போது இந்த இழைகள் அழுகாதபடி கட்டப்படுகின்றன. பிறகு எண்ணெய் ஏற்றப்படும்போது அவை ஒன்றின்மீது ஒன்று வழுக்கிச் செல்லும் தன்மையைப் பெறுகின்றன. புதிய காலணியில் இந்த நெகிழ்வு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. நடக்கும்போது விரல்களின் அடிப்பகுதி மடங்கும் இடத்தில் தோலும் மடங்க வேண்டும். மடங்க மறுத்தால் முழுக் காலணியும் தூக்கிக்கொண்டு குதிகாலை உராயும். செருப்பில் பெருவிரல் வாரும், பூட்சில் குதிகாலும் சுண்டுவிரல் பக்கமும் முதலில் கடிப்பது இதனால்தான். வியர்வை சேர்ந்தால் உராய்வு கூடி, தோல் கொப்புளித்துவிடும்.

கிராமத்துச் செருப்பு தடித்த எருமைத் தோல் அடியும் மாட்டுத்தோல் வாரும் கொண்டது. புதிதாக இருக்கையில் பலகை போல விறைத்திருக்கும். அதற்கு விளக்கெண்ணெய் தடவி ஊறவிடுவது பரவலான வழக்கம். கரிசல் காட்டில் ஆமணக்கு வரப்போரப் பயிராகவே கிடைத்ததால் எண்ணெய்க்குக் குறைவில்லை. கெட்டியான இந்த எண்ணெய் மெதுவாக இறங்கும், எளிதில் ஆவியாகாது. கடிக்கும் இடத்தில் உட்புறமாகத் தடவி, கையால் பிசைந்து, ஓரிரு நாள் நிழலில் வைத்துவிட்டுப் பிறகு வீட்டுக்கும் தெருவுக்குமாக அணிவார்கள். தொலைதூரப் பயணத்துக்குப் புதுச் செருப்போடு கிளம்பியவர் பாதி வழியில் அதைக் கையில் தூக்கிக்கொண்டுதான் நடப்பார். தோலும் எண்ணெயும் சேர்ந்த மணத்துக்கு நாய் வரும் என்பதால் இரவில் உயரத்தில் மாட்டி வைப்பதும் பராமரிப்பின் ஒரு பகுதியே.

பூட்சுக்கும் கணக்கு ஏறக்குறைய இதுதான். படைவீரர்களிடையே புதுப் பூட்சைத் தண்ணீரில் நனைத்து, அது காலிலேயே காயும்வரை நடக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. பட்டைப் பதத் தோல் ஈரத்தில் இளகி, காயும்போது பாதத்தின் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது அதன் பின்னுள்ள உண்மை. ஆனால் நனைந்த தோல் தன் எண்ணெயை இழந்துவிடும். பிறகு எண்ணெய் ஊட்டாவிட்டால் ஓராண்டுக்குள் மடிப்பில் வெடிக்கும். இன்று பரவலாகக் கிடைக்கும் குரோமியப் பதத் தோலுக்கு இந்த முரட்டு வைத்தியம் பயன் தராது. அது நீரை எளிதில் ஏற்காது, வடிவத்தையும் அப்படிப் பிடிக்காது. கனமான பருத்திக் காலுறையோடு முதல் வாரம் நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் அணிவதும், கடிக்கும் இடத்தை மட்டும் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அச்சுக்கட்டையில் நெகிழ்த்தி வாங்குவதும் போதும். பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும் என்பதால் காலணியை மாலையில் அளந்து வாங்குவது நல்லது. செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவதா என்ற பழமொழி கடைக்காரருக்குத்தான் அதிகம் பொருந்தும்.

இந்த மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் வந்துவிடும். ஆகவே தோலுக்கு இங்கே இரண்டு எதிரிகள்: ஆண்டின் பெரும்பகுதியில் வறட்சி, ஐப்பசி கார்த்திகையில் பூஞ்சை. நனைந்த கரிசல் மண் களிபோல ஒட்டும். அதை ஈரத்தோடு தேய்த்தால் தையலுக்குள் இறங்கிவிடும். நிழலில் காயவிட்டு, உதிர்த்துத் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுக்க வேண்டும். வெயிலிலோ அடுப்பருகிலோ உலர்த்தினால் தோல் சுருங்கும். நனைந்த பூட்சுக்குள் பழைய காகிதத்தைச் சுருட்டித் திணித்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அச்சகங்கள் நிறைந்த சிவகாசியில் கழிவுக் காகிதத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஒரே இணையைத் தினமும் அணியாமல் ஒருநாள் இடைவெளி விட்டால் உறிஞ்சிய வியர்வை வெளியேறும். தோல் காலணியின் ஆயுளைக் கூட்டும் செலவில்லாத வழி அதுதான்.

ஆவாரம்பட்டையும் கமலையும்

தமிழ்நாட்டின் பழைய பதனிடும் முறைக்கு ஆதாரம் ஆவாரம்பட்டை. வறண்ட நிலத்தில் தானாக வளரும் இச்செடியின் பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருள் தோலின் இழைகளைக் கட்டும். இறுதியில் கடுக்காய்ச் சாறு கொடுத்தால் நிறம் வெளுத்து நிலைக்கும். இவ்வாறு பதப்படுத்தி லண்டன் சந்தைக்கு அனுப்பப்பட்ட சென்னை மாகாணத் தோல் கிழக்கிந்தியத் தோல் என்று பெயர்பெற்றது. திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர் ஆகியவை அதன் மையங்கள். இவற்றில் திண்டுக்கல்லே விருதுநகருக்கு மிக அருகில் உள்ளது. ஏற்றுமதித் தொழிற்கூடங்கள் ஊருக்கு ஊர் எழவில்லை. விருதுநகர் வட்டாரக் கிராமங்களில் நடந்தது உள்ளூர்த் தேவைக்கான சிறு அளவுப் பதனிடல். இறந்த மாட்டின் தோலைப் பானையிலும் குழியிலும் ஊறவைத்துச் செய்த வேலை அது.

அந்தத் தேவையில் செருப்பு சிறு பங்குதான். கமலைக்கே தோல் அதிகம் செலவாயிற்று. மாடு கட்டி இறைக்கும் கமலையில் நீரை மொண்டு வரும் சாலின் அடியில் தோலால் ஆன நீண்ட வால் இருக்கும். மேலே வந்ததும் அதன் வழியாகவே நீர் தொட்டியில் கொட்டும். இந்தத் தோல் தினமும் நனைந்து காய்ந்து கிழியும். தைத்துத் தருபவர் வராவிட்டால் தோட்டம் வாடும்.

இந்தச் சிக்கலைச் சென்னை அரசு ஒரு காலத்தில் நேரடியாகவே எடுத்துக்கொண்டது. சென்னைக் கலைத் தொழில் பள்ளியில் பணியாற்றிய ஆல்பிரட் சாட்டர்டன், முதலில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவர் குரோமியப் பதனிடலில் சோதனைகள் நடத்தினார். அமெரிக்காவில் அகஸ்டஸ் சுல்ட்ஸ் 1884இல் காப்புரிமை பெற்ற இம்முறையில் பட்டைக்குப் பதில் குரோமிய உப்புகள் பயன்படுகின்றன. வாரக்கணக்கில் ஆகும் வேலை ஓரிரு நாளில் முடியும். நீரில் ஊறினாலும் தோல் எளிதில் அழுகாது. சாட்டர்டன் முதன்மையாகக் கண்வைத்தது கமலைத் தோலின் மீது. அதோடு செருப்பும் பூட்சும் செய்யப்பட்டன. அரசே தொழில் நடத்துவதை ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தனர். 1910இல் இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி அந்தக் கொள்கைக்கு முட்டுக்கட்டை போட, அரசின் குரோமியத் தோல் ஆலை ரேவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. சில ஆண்டுகளில் சென்னைக்குத் தெற்கே தனியார் நிறுவனம் ஒன்று எழுப்பிய குரோமியத் தோல் ஆலையின் பெயரால் குரோம்பேட்டை உண்டாயிற்று. இன்று அந்தப் பெயரைச் சொல்லித் தொடர்வண்டி ஏறுபவர்களுக்கு அதில் தோல் இருப்பது நினைவுக்கு வருவதில்லை.

கமலையை மின்மோட்டார் விரட்டியது. செருப்பை முதலில் டயர் செருப்பும், பிறகு ரப்பர் செருப்பும் விரட்டின. கிராமத்துத் தோல் வேலையின் இரண்டு கால்களும் ஒரே தலைமுறைக்குள் ஒடிந்தன.

தைத்தவரும் அணிந்தவரும்

தோல் வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் அருந்ததியர். அவர்களுள் பலருக்குத் தெலுங்கு வீட்டுமொழி. தென்மாவட்டங்களில் பகடை என்ற பட்டமும் வழங்கியது. செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, தோலை உரிப்பது, கமலைத் தோலைத் தைப்பது, உழவர் வீட்டுக்குச் செருப்பு கொடுப்பது ஆகியவை அவர்கள் மீது சுமத்தப்பட்ட கடமைகள். ஈடாக அறுவடைக் களத்தில் கம்போ சோளமோ அளக்கப்பட்டது. கூலி என்ற சொல்லை விட ஊர்ப் பங்கு என்ற சொல்லே வழங்கியது; பங்கின் அளவை முடிவு செய்தவர் கொடுப்பவர்.

இந்த உறவின் கசப்பான முடிச்சு காலில்தான் இருந்தது. செருப்பைத் தைத்தவர் அதே செருப்பை அணிந்து மேல்சாதித் தெருவில் நடக்க முடியாது. கையிலோ கக்கத்திலோ இடுக்கிக்கொண்டு தெருவைக் கடக்க வேண்டும். தோல் தீட்டு என்று சொல்லப்பட்டது. ஆனால் தீட்டான தோல் உழவரின் காலில் ஏறியதும் தீட்டு எங்கோ போய்விட்டது. எனவே தடையின் காரணம் தோலில் இல்லை, தலைநிமிர்ந்து நடக்கும் காலில் இருந்தது என்றே கொள்ள வேண்டும். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுபவர் எல்லாரும் கழற்றுகிறார்கள். தெருமுனையில் சிலர் மட்டும் கழற்ற வேண்டியிருந்தது.

தடை ஒரு சாதியோடு நிற்கவுமில்லை. திருவிதாங்கூரின் தென்பகுதியில் நாடார்கள் செருப்பு அணியவும் குடை பிடிக்கவும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை தடுக்கப்பட்டிருந்தனர். வடக்கே இராமநாதபுரப் பகுதியில் சிவகாசி, விருதுபட்டி உள்ளிட்ட ஆறு ஊர்களில் வணிகத்தால் உயர்ந்த நாடார்கள் கோயில் நுழைவு கேட்டபோது, அது 1899இல் சிவகாசிக் கலவரத்தில் முடிந்தது. படிநிலையில் ஒவ்வொரு படியும் தனக்குக் கீழே இருந்தவரின் காலைப் பார்த்தது.

ஆட்சியாளர்களும் காலைப் பார்த்தவர்களே. ஆங்கிலேய அதிகாரியின் முன் இந்தியர் தம் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பது வழக்கமாக இருந்தது. 1854இல் தலைமை ஆளுநரின் ஆணை ஒன்று, ஐரோப்பிய முறையிலான பூட்சும் காலுறையும் அணிந்த வங்காளக் கனவான்கள் அரசு நிகழ்ச்சிகளில் அவற்றைக் கழற்ற வேண்டாம் என்று அனுமதித்தது. நாட்டுச் செருப்புக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. பூட்சு வாங்குவது பாதத்தைக் காக்க மட்டும் அன்று என்பதைப் படித்த இந்தியர் விரைவில் புரிந்துகொண்டனர்.

தென்தமிழகத்து நாட்டார் கதைகளில் செருப்பு வேறொரு கணக்கைத் தீர்க்கிறது. நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையில், பிராமண இளைஞனான முத்துப்பட்டன், சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மகள்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்க விரும்புகிறான். பூணூலையும் குடுமியையும் களைந்து, செருப்புத் தைத்துச் சந்தையில் விற்றுக் காட்ட வேண்டும் என்பது தந்தை விதித்த நிபந்தனை. அவன் அதைச் செய்கிறான். மணந்த கையோடு ஆநிரை கவர வந்தவர்களோடு போரிட்டு இறக்கிறான். பிற்கால வடிவங்கள் சில, அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர் என்றும் வாலப்பகடை அவர்களை எடுத்து வளர்த்தவர் மட்டுமே என்றும் மாற்றிக்கொண்டன. கதையைக் கேட்டவர்களுக்கு எந்த இடம் கடித்தது என்பதை இந்த மாற்றமே காட்டிக்கொடுக்கிறது.

பாபநாசம் மலையில் காரையாறு அருகே உள்ள சொரிமுத்து ஐயனார் கோயிலில் முத்துப்பட்டன் பட்டவராயன் என்ற பெயரில் தெய்வமாக இருக்கிறான். பக்தர்கள் அவனுக்குப் புதுத் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் அது அணிந்து நடந்ததைப் போலத் தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. இரவில் அவன் அந்தச் செருப்போடு காட்டைச் சுற்றிக் காவல் காக்கிறானாம். புதுச் செருப்பைப் பழக்கித் தரும் தெய்வம் என்றே அவனைச் சொல்லலாம்.

சட்டம் இந்த விஷயத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடப் பல பத்தாண்டுகள் ஆயின. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பொது இடத்தில் காலணி அணிவதைத் தடுப்பதையும், மிதிவண்டி அல்லது மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பதையும் குற்றங்களாக வரிசைப்படுத்தியது. திருத்தம் 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. இருபத்தோராம் நூற்றாண்டில் ஒரு நாடாளுமன்றம் செருப்பைப் பற்றிச் சட்டம் எழுத வேண்டியிருந்தது என்பதே வழக்கம் எவ்வளவு தூரம் நீடித்தது என்பதற்குச் சான்று. தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 2009இல் பட்டியல் சாதி ஒதுக்கீட்டுக்குள் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. உள்வகைப்பாடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டு 1 அன்று தீர்ப்பளித்தது.

லாடமும் மருந்தும்

ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியது சிவகாசியின் வரலாற்றில் எல்லாரும் அறிந்த செய்தி. தீப்பெட்டிக்குப் பின் பட்டாசு வந்தது. மழை குறைந்த வறண்ட காற்று, மருந்தும் காகிதமும் உலர உதவியது. உழவு பொய்த்த கரிசலிலிருந்து கைகள் வந்தன. கம்பங்காட்டில் முள்ளுக்காகச் செருப்பணிந்த கால்கள் இப்போது ஆலை வாசலுக்கு வந்து நின்றன.

வெடிமருந்துக்கும் காலணிக்கும் உள்ள பகை சிவகாசிக்கு முந்தையது. இரும்பு ஆணி கல்லில் உரசினால் பொறி பறக்கும். பூட்சோடு ஒட்டிவரும் மணல்கூட மருந்தின்மீது நசுங்கினால் போதும். இங்கிலாந்தின் வால்தம் அப்பி போன்ற வெடிமருந்து ஆலைகளிலும் படைக்கிடங்குகளிலும் வாசலில் குறுக்கே ஒரு தடுப்பு இருக்கும். அதற்கு இப்பால் அழுக்குப் பகுதி, அப்பால் சுத்தப் பகுதி. தடுப்பைத் தாண்டும்போது வெளிக்காலணியை விட்டுவிட்டு, இரும்பாணி இல்லாமல் தைத்த தோல் காலணியை அணிய வேண்டும். பிரிட்டனின் 1875ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம், பையில்லாத வேலை உடையையும் தகுந்த காலணியையும் எழுத்திலேயே கேட்டது. கட்டடத்துக்குள் இரும்பு வெளித்தெரியக் கூடாது என்றும் சொன்னது. இந்திய வெடிபொருள் சட்டம் 1884இல் வந்தது. குரோமியத் தோலுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்ததும் அதே ஆண்டுதான். அச்சட்டத்தின் கீழ் வந்த 1940, 1983, 2008ஆம் ஆண்டு விதிகளே சிவகாசி ஆலைகளின் உரிமங்களுக்கு அடித்தளம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரிட்டிஷ் தரைப்படையின் லாடமும் குமிழாணியும் அடித்த பூட்சுக்கு ஆங்கிலத்தில் வெடிமருந்துப் பூட்சு என்று பொருள்படும் பெயர். படைத்தளவாடமாக வழங்கப்பட்டதால் வந்த பெயர் அது. உண்மையான வெடிமருந்துக் கிடங்கின் வாசலில் முதலில் கழற்ற வேண்டியிருந்தது அந்தப் பூட்சைத்தான்.

இரும்பை விலக்கினால் மட்டும் ஆபத்து தீராது. பட்டாசு மருந்தில் வெடியுப்பு, கந்தகம், நுண்ணிய அலுமினியத் தூள் ஆகியவை சேர்கின்றன. உராய்வைப் போலவே நிலைமின்சாரமும் இக்கலவைக்குப் பகை. வறண்ட நாளில் நைலான் சேலை உடலில் உரசும்போது ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் உடலில் ஏறலாம். ஏறத்தாழ 3000 வோல்ட்டுக்குக் கீழே உள்ள மின்பொறியைப் பெரும்பாலோர் உணர்வதே இல்லை. ரப்பர் செருப்பு அணிந்தவரின் உடலிலிருந்து அந்த மின்னேற்றம் தரைக்கு இறங்க வழியில்லை. அவர் மருந்துத் தட்டைத் தொடும்போது விரல்நுனி வழியாக அது வழி தேடிக்கொள்ளும். வெறுங்கால் தரையில் பதிந்திருந்தால் மின்னேற்றம் சேரச் சேர இறங்கிவிடும். பருத்தி உடை, வாசலில் தொட்டுவிட்டு நுழையும் செப்புத் தகடு, மின்னேற்றத்தைத் தரைக்குக் கடத்தும் ரப்பர் விரிப்பு, அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது என்ற வரம்பு, செருப்பை வெளியே விடுதல் ஆகியவை ஒரே நோக்கத்தின் பல பகுதிகள்.

தோல் அடி கொண்ட காலணி இந்தக் கணக்கில் நடுவில் நிற்கிறது. வியர்வை ஏறிய தோல் மின்சாரத்தைச் சிறிதளவு கடத்தும். காய்ந்த தோல் கடத்தாது. கத்தரி வெயிலில் கரிசல் காற்று தோலின் ஈரத்தை உறிஞ்சியபின், நேற்று பாதுகாப்பாக இருந்த காலணி இன்று அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. தோலுக்கு இன்னொரு குறையும் உண்டு: தூள் தையலிலும் மடிப்பிலும் தங்கும்; ரப்பர் செருப்பைப் போல அலசிவிட முடியாது. மருந்து செலுத்தும் அறைகளில் வெறுங்கால் வழக்கமானதற்கு இவையெல்லாம் காரணங்கள்.

வெறுங்காலுக்கும் விலை உண்டு. ஒரு அறையில் தீப்பற்றினால் அடுத்த அறைக்குப் பரவாதிருக்க அறைகள் இடைவெளி விட்டுக் கட்டப்படுகின்றன. ஓட வேண்டிய நேரத்தில் அந்த இடைவெளி கொதிக்கும் தரையாகவும் சரளையாகவும் முள்ளாகவும் இருக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உள்ளே வேலை செய்தவர்களோடு, உதவி செய்யவும் பார்க்கவும் அருகிலிருந்து ஓடிவந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். பெரிய விபத்துகளுக்குப் பின் வரும் அறிக்கைகள் அளவுக்கு மீறிய மருந்து, அறையில் அளவுக்கு மீறிய ஆட்கள், மரத்தடியில் நடக்கும் வேலை ஆகியவற்றையே திரும்பத் திரும்பச் சுட்டுகின்றன. செருப்பைக் கழற்றி வைக்கும் தொழிலாளி தன் பங்கு விதியைக் காப்பாற்றிவிடுகிறார். மற்ற விதிகள் அவர் கையில் இல்லை.

தெருமுனையில் கழற்ற வைத்த கையும் ஆலை வாசலில் கழற்றச் சொல்லும் அறிவிப்பும் வெளிப்பார்வைக்கு ஒரே செயலைக் கேட்கின்றன. முதலாவது, கழற்றுபவரைச் சிறுமைப்படுத்தக் கேட்டது. இரண்டாவது, கழற்றுபவரைக் காக்கக் கேட்கிறது. ஆனால் மேற்பார்வையாளரும் முதலாளியும் பார்வையாளரும் அதே வாசலில் கழற்றும்போதுதான் அது முழுமையாகும். இங்கிலாந்தின் பழைய ஆலைகளில் தடுப்புப் பலகை அதிகாரியின் பூட்சையும் நிறுத்தியது.

நிலைமின்சாரத்தை விடுவிக்கும் பூட்சு

வெடிபொருள் வேலைக்கென்றே இன்று நிலைமின்சாரத்தை விடுவிக்கும் காலணிகள் உள்ளன. மேற்பகுதி தோலாகவும், அடிப்பகுதி கரி கலந்த ரப்பர் அல்லது பாலியூரித்தேனாகவும் இருக்கும். பன்னாட்டுத் தரத்தின்படி இவற்றின் மின்தடை 1 லட்சம் ஓமுக்கும் 100 கோடி ஓமுக்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் மின்கம்பியை மிதித்தவரைக் காக்காது. மேலே போனால் மின்னேற்றத்தை இறக்காது. இந்தியாவில் பாதுகாப்புக் காலணிகளுக்கான தரம் இந்தியத் தர நிர்ணயம் 15298.

இந்தப் பூட்சைப் பழக்கும்போது வழக்கமான அறிவுரைகளில் பாதி தலைகீழாகிவிடும். கடிக்கிறது என்று உள்ளே ரப்பர் அட்டையோ பஞ்சுத் திண்டோ வைக்கக் கூடாது. சாதாரணக் காலுறையைத் தவிர வேறு எது வைத்தாலும் பாதத்துக்கும் அடிக்கும் இடையே மின்வழி அறுந்துவிடும். மேல்தோலுக்கு அளவாக எண்ணெய் கொடுக்கலாம். அடியில் மெழுகோ எண்ணெயோ படியக் கூடாது. தேய்மானம், ஈரம், ஒட்டிய களிமண் ஆகிய மூன்றும் மின்தடையை மாற்றிவிடும் என்பதால், பளபளப்பைப் பார்த்து இந்தக் காலணியின் நிலையைச் சொல்ல முடியாது. அணிந்தபடியே வாசலில் உள்ள அளவியில் கால்வைத்து, ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் சோதித்துப் பார்க்க வேண்டும்.